துணி காலியாக இருந்தது

"இடது பக்கந்தாங்க பாய். வண்டிய வலது பக்கம் ஒடிச்சா முன்சக்கரம் உறுமுது. இடது பக்கம் ஒடிச்சா வாய மூடிக்குது."

சாவியை நீட்டிக்கொண்டு நின்றவளைத் தாவூது பார்க்கவில்லை. அவள் ஓட்டிவந்த ஜீப்பைத்தான் பார்த்தார். பச்சை ஜீப். வலது பக்க மட்காடு மட்டும் புதுசு, மற்ற பச்சையோடு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது. ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த ஜீப் இனிமேல் தன் பட்டறை வாசலுக்கு வராது என்றுதான் அவர் நினைத்திருந்தார். வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டும் இருந்தார்.

"நஞ்சப்பன் சம்சாரமா?"

"ஆமாங்க. கோகிலவாணி. நீங்க என்னைப் பாத்ததில்ல. ஆனா எங்கூட்டுக்காரரு உங்களப் பத்திப் பேசாத நாளில்ல. 'சக்கரத்த யாரு வேணாலும் கழட்டலாம் புள்ள, மாட்டறதுக்கு தாவூது பாய்தான்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

தாவூது சாவியை வாங்கவில்லை.

"இப்ப யாரு ஓட்டறது வண்டிய?"

"நாந்தான்."

"மலையிலயா?"

"பின்ன? எனக்காக மலைய எறக்கி வெச்சுத் தருவாங்களா? ஆறு மாசமா ஓட்டறேன். காலையில பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, அப்புறம் காய்கறி மூட்டை. எல்லா வளைவும் பழகிப்போச்சு. இந்தச் சத்தந்தான் பழகல."

தருமபுரியிலிருந்து இண்டூர் போகும் சாலையில் இருபத்தேழு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறார் தாவூது. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் வீடு. வத்தல்மலை ஏறும் ஜீப்புகளில் பாதி அவர் கை பட்டவைதான். மலை இறக்கத்தில் முன்சக்கரம்தான் எல்லா பாரத்தையும் தாங்கும். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் தேய்ந்தால் முதலில் உறுமும், அப்புறம் ஆடும், அதையும் கவனிக்காவிட்டால் ஆளை விழுங்கும். அந்த வேலைக்கென்றே அவரைத் தேடி வருவார்கள்.

"இன்னிக்கு வேலை நிறைய இருக்குது தங்கச்சி. டவுன்ல வேற நல்ல ஆளுங்க இருக்கறாங்க. அட்ரஸ் தரட்டுமா?"

கோகிலவாணி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மொபெட் நின்றது. அதுவும் பஞ்சருக்கு.

"இதுதான் அந்த நிறைய வேலையா?" என்றாள். "பாய், நீங்க தொட்டுப் பாத்து சரின்னு சொன்னாத்தான் நான் வளைவுல எறங்குவேன். இல்லீன்னா வண்டி இங்கயே நிக்கட்டும், நான் பஸ்ஸுல போறேன்."

அதற்கு மேல் என்ன சொல்வது? தாவூது சாவியை வாங்கிக்கொண்டார்.

*

ஜாக்கி போட்டு இடது பக்கத்தைத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். ஆட்டம் இல்லை. கையால் சுற்றிவிட்டுக் காதை அருகில் கொண்டுபோனார். அரிசிக் கல்லை அம்மியில் அரைப்பதுபோல் கரகரவென்றது.

"தண்ணி எறங்கியிருக்குது உள்ள. ஓடையில வுட்டீங்களா?"

"மழைக்கு ரெண்டு எடத்துல ரோட்டு மேலயே தண்ணி போச்சுங்க. வுடாம என்ன பண்றது?"

"பேரிங்கு மாத்தணும்."

"மாத்துங்க."

அவர் பழைய வேட்டித் துணியொன்றைத் தரையில் விரித்தார். அது அவர் வழக்கம். ஒரு சக்கரத்துக்கு ஒரு துணி. கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசைப்படி துணியில் வைப்பார். புதுச் சாமான் போடுவதாக இருந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதை அதே இடத்தில் வைப்பார். மாட்டும்போது கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுவார். துணியில் மிச்சமிருப்பதுதான் மிச்ச வேலை. துணி காலியானால் வேலை முடிந்தது. இருபத்தேழு வருஷத்தில் அந்தத் துணி அவரைக் கைவிட்டதில்லை.

இந்த ஒன்றரை வருஷமாக அவர் தூங்குவதும் அந்தத் துணியை நம்பித்தான். நஞ்சப்பனின் வலது முன்சக்கரம் பதினோராவது வளைவில் கழன்று காபிச் செடிகளுக்குள் உருண்டு போயிற்று என்றும், அவன் செத்துப்போனான் என்றும் கேள்விப்பட்ட அன்றே விரல்விட்டு நாளை எண்ணினார். சாவதற்குப் பத்தொன்பது நாள் முன்னால்தான் அந்த ஜீப்பின் இரண்டு முன்சக்கரத்தையும் இவர் கழற்றி, பேரிங் சுத்தம் பண்ணி, கிரீஸ் அடைத்து மாட்டிக் கொடுத்திருந்தார். யாரும் வந்து இவரைக் கேட்கவில்லை. இவரே இவரைக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வந்தது. துணி காலியாகத்தானே இருந்தது? இரண்டு துணியும் காலியாகத்தானே இருந்தது?

ஆனால் அவர் மட்டும் கேட்டால் பரவாயில்லை. நஞ்சப்பனும் கேட்டான்.

செத்த பத்தாம் நாள், ஒரு வேனுக்குக் கடைசி நட்டை முடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. "பாய், முடிஞ்சுதுங்களா?" அன்றைக்கு ஜீப்பை எடுக்கும்போது கேட்ட அதே அவசரம், அதே சிரிப்பு. தாவூது திரும்பினார். சாலையில் ஒரு கரும்பு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது, வேறு ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து எந்த வண்டிக்குக் கடைசி நட்டு முடுக்கினாலும் அந்தக் கேள்வி வந்தது. பட்டப்பகலில் வந்தது. மனைவி ஷகிலா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதிய தண்ணீர் வாங்கிவந்து கொட்டகையெங்கும் தெளித்தாள். ஒரு வாரம் சும்மா இருந்தான். எட்டாம் நாள், "என்னா பாய், தண்ணியெல்லாம் தெளிக்கிறீங்க? முடிஞ்சுதுங்களா?" என்றான்.

*

சக்கரம் கழன்று வந்தது. நடுவிலிருந்த மூடியைத் தட்டி எடுத்துத் துணியின் ஓரத்தில் வைத்தார். கோகிலவாணி பழைய லாரி டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அது என்னாங்க, தட்டி எடுத்தது?"

"மூடி. மண்ணு போவாம இருக்க."

"உள்ள?"

"உள்ள ரெண்டு நட்டு இருக்கும். உள் நட்டு பேரிங்க அமுக்கிப் பிடிச்சுக்கும். அதுக்கு மேல ஒரு மெல்லிசுத் தகடு, வாஷரு. அதுக்குச் சுத்தியும் காது மாதிரி இருக்கும். ஒரு காத உள் நட்டு மேல மடிச்சு வுட்டுட்டா நட்டு தானாக் கழலாது. அதுக்கு மேல வெளி நட்டு."

"அந்தக் காதுதான் காவலுன்னு சொல்லுங்க."

"ஆமா."

"எங்க ஊருலயும் அந்த மாதிரி ஒண்ணு வெச்சிருக்கலாம். அவனவன் வாய் தானாக் கழலுது."

தாவூது நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"என்னா சொல்றாங்க?"

"உங்களுக்குத் தெரியாதா? குடிச்சுட்டு ஓட்டினாருன்னு. சுவத்துல மோதினாரு, மோதின வேகத்துல சக்கரம் புடுங்கிக்கிச்சுன்னு. போலீஸுலயும் அப்பிடித்தான் எழுதிக்கிட்டுப் போனாங்க."

"நஞ்சப்பன்தான் வுட்டுட்டானே!"

"வுட்டாருங்க. இனிக் குடிக்கறதில்லன்னு கோயில்ல கயிறு கட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. கட்டின நாள்லருந்து ஒரு சொட்டு இல்ல. அதான் இன்னும் மோசமாப் போச்சு. குடிச்சுட்டு உளுந்து செத்தான்னா பாவம்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. சாமி கயிற கட்டிக்கிட்டு மறைவாக் குடிச்சான், சாமியே தூக்கிடுச்சுன்னு ஆயிப்போச்சு. இந்த வருஷம் பண்டிகைக்கு எங்கூட்டுப் பொங்கப் பானைய வரிசையில வெக்க வுடல. எங்க மாமியா செல்லம்மாள்தான் பானையத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. கோயில் வாசல்லயே நிக்க வெச்சு, 'உன் மவன் கயித்துக்குத் துரோகம் பண்ணினவன், இந்த வருஷம் வேணாம்'னு சொல்லிட்டாங்க. தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்தாங்க. அன்னிக்கு உக்காந்தவங்கதான், வூட்ட வுட்டு வெளிய வர்றதே இல்ல."

தாவூதின் கை வெளி நட்டின் மேல் இருந்தது. திருகினார். அன்றைக்கு அவர் முடுக்கியது அப்படியே இருந்தது. கழன்று வந்தது. துணியில் வைத்தார்.

கிரீஸ் அப்பியிருந்தது. விரலால் வழித்தார். வாஷரின் காது தெரிந்தது. உள் நட்டின் முகத்தில் அழகாக மடிந்து ஒட்டிக் கிடந்தது. அவருக்குள் ஏதோ இளகிற்று. பார், மடித்துத்தான் இருக்கிறேன். இதை மடித்தவன் வலது சக்கரத்திலும் மடித்திருப்பான்.

உளியை வைத்து மெல்ல நிமிர்த்தினார். காது நிமிர மறுத்தது. கெட்டியாக இருந்தது. அன்றைக்கும் கெட்டியாகத்தான் இருந்தது என்று ஞாபகம் வந்தது. மடிக்கச் சுத்தியால் இரண்டு தட்டுக்குப் பதில் ஐந்து தட்டு தட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்று நஞ்சப்பன் கேலி பண்ணினான்: "என்னா பாய், காலையில வூட்டுல டிபன் போடலயா?" அவர் சொன்னார்: "புது வாஷர்ரா, அப்பிடித்தான் இருக்கும்."

இப்போது உளியில் இன்னொரு முறை தட்டினார். காது நிமிர்ந்தது. நிமிர்ந்த காதின் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு கோடு ஓடியது.

விரல் நகத்தை அந்தக் கோட்டில் வைத்தார். நகம் உள்ளே இறங்கிற்று.

வாஷரை வெளியே எடுத்தார். மண்ணெண்ணெய் டப்பாவில் முக்கினார். கைக்குள்ளேயே அது இரண்டாகப் பிரிந்தது.

ஒரு வாஷர் இல்லை. இரண்டு. கடையிலிருந்து வந்தபோதே எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தவை.

அன்றைய காலைப்பொழுது முழுசாக அவர் முன்னால் வந்து நின்றது. இரண்டு புது வாஷர் வாங்கினார். இரண்டும் ஒன்றாகவே இடது சக்கரத்துத் துணியில் வந்து விழுந்திருக்கின்றன. ஒன்றென்று எண்ணி இரண்டையும் இதில் மாட்டினார். இன்னொன்று வலது துணியில் கிடக்கிறதென்றே நினைத்திருந்தார். அப்புறம் வலது சக்கரம். உள் நட்டு வரைக்கும் மாட்டியிருந்தார். அப்போதுதான் பள்ளிக்கூட வேன் ஒன்று நடுச்சாலையில் குறுக்கே நின்று போயிற்று, பிள்ளைகள் கத்தின. ஓடினார். தள்ளி ஓரங்கட்டி, அதைக் கிளப்பி அனுப்பிவிட்டு வர அரைமணி ஆயிற்று. வந்து பார்த்தபோது வலது துணியில் வெளி நட்டும் மூடியும்தான் இருந்தன. மிச்சமிருப்பதுதான் மிச்ச வேலை. வாஷர் துணியில் இல்லை, அப்படியானால் மாட்டியாயிற்று. கிரீஸ் அப்பிக் கிடந்த உள் நட்டின் மேல் வெளி நட்டைத் திருகி, மூடியை அடித்து, எழுந்து, கையைத் துடைத்தார்.

பத்தொன்பது நாள் அந்த நட்டு வாஷர் இல்லாமலே பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"பாய், முடிஞ்சுதுங்களா?"

குரல் முதுகை ஒட்டி வந்தது. இந்தத் தடவை நட்டு எதுவும் முடுக்காமலே வந்தது. தாவூது திரும்பவில்லை.

"இல்ல" என்றார், வாய்விட்டு. "முடியல நஞ்சப்பா."

கோகிலவாணி டயரிலிருந்து எழுந்தாள்.

"யாருகிட்டப் பேசறீங்க?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. தண்ணி குடிச்சுட்டு வர்றேன்."

*

உள்ளே ஷகிலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். தாவூது கையைத் திறந்து காட்டினார். கறுப்புக் கிரீஸுக்குள் இரண்டு வட்டம்.

இருபத்தேழு வருஷம் பட்டறைக்காரனோடு வாழ்ந்தவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. இரண்டு வார்த்தை சொன்னார், விளங்கிற்று.

"வெளிய உக்காந்திருக்கறது அந்தப் பொண்ணா?"

"ஆமா."

"அதுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

ஷகிலா எழுந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ஏங்க, நான் சொல்றதக் கேளுங்க. மூணு வாரத்துல நம்ம பொண்ணு அனமுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க தருமபுரி பூரா விசாரிச்சாங்க, 'தாவூது பாய் கையில வேலை போனா கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்'னு கேட்டுத்தான் சரின்னாங்க. இப்ப நீங்க வாயத் தொறந்தா ஒரு வண்டி வருமா இங்க? போலீஸு வரும்."

"அவன் குடிச்சுட்டு செத்தான்னு ஊரு சொல்லுதாம் ஷகிலா."

"சொல்லட்டும். செத்தவருக்கு என்ன வலிக்குது?"

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது.

"கழுவுங்க. அதுல ஒண்ண மாட்டுங்க, இன்னொண்ண சாக்கடையில போடுங்க. நம்ம பொண்ணு நல்லபடியா வாக்கப்பட்டுப் போவட்டும். அப்புறமா அல்லாகிட்ட நானும் சேந்து கேக்கறேன்."

தாவூது வெளியே வந்தார். இரண்டு வாஷரும் சட்டைப் பையில் இருந்தன. புதுப் பேரிங்கைப் பிரித்து, உள்ளங்கையில் கிரீஸை அள்ளி, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தார். உருளைகளுக்கு நடுவிலிருந்து கிரீஸ் புழு மாதிரி மேலே வந்தது. அந்த வேலைக்குக் கண் வேண்டியதில்லை. கண் கோகிலவாணி மேல் இருந்தது.

அவள் தானாகவே பேசினாள். அவரிடம் பேசுகிற மாதிரியும் இல்லை.

"நான் ஒண்ணு பண்ணினேன் பாய். யாருகிட்டயும் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில அவரத் துணி சுத்திக் குடுத்தாங்க. எல்லாரும் அழுதாங்க. நான் குனிஞ்சு வாய மோந்து பாத்தேன்."

பேரிங் அவர் கையில் நின்றது.

"மருந்து வாசனைதான் வந்துச்சு. ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டு வாசனை. அது மருந்தா, இல்ல அதுவான்னு எனக்குப் புரியல. ஊரு பேசுச்சு, மாமியா 'எம்மவன் தொடல'ன்னு அடிச்சுப் பேசினாங்க. நான் வாயே தொறக்கல. பொண்டாட்டிக்காரி நான், எனக்குத் தெரியணுமில்ல? எனக்குத் தெரியல. அன்னிக்குக் காலையில சண்ட போட்டுட்டுத்தான் போனாரு. போன கோவத்துல குடிச்சாரோன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு மனசு சொல்லிக்கிட்டே இருக்குது. பதினோராவது வளைவு வரும்போதெல்லாம் கண்ணாடியில பாக்கறேன், பின் சீட்டுல உக்காந்து, 'நீயுமா புள்ள?'ன்னு கேக்கறாப்பல இருக்குது."

"எத்தன தடவ?"

"என்னா எத்தன தடவ?"

"எத்தன தடவ கேட்டான்?"

அவள் அவரைக் கூர்ந்து பார்த்தாள்.

"உங்களையுமா கேக்கறாரு?"

தாவூது பேரிங்கைத் துணியில் வைத்தார். கையைத் துடைக்காமலே சட்டைப் பைக்குள் விட்டு வாஷர் இரண்டையும் எடுத்து அவள் முன் நீட்டினார்.

"அவன் குடிக்கல தங்கச்சி. மோதினதால சக்கரம் கழலல. சக்கரம் கழண்டதாலதான் மோதினான். வலது சக்கரத்துல இது இல்ல. அதுக்கு வெச்சிருந்ததும் இங்க இடது சக்கரத்துலயே இருந்துச்சு. ரெண்டையும் நான் ஒண்ணுன்னு நெனச்சு ஒரே எடத்துல மாட்டிட்டேன்."

"புரியறாப்பல சொல்லுங்க."

மறுபடி சொன்னார். வேன் நின்றதைச் சொன்னார், துணியைச் சொன்னார். மூன்றாவது முறையும் சொன்னார். அவள் ஒரு வாஷரை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"இது எவ்வளவு கனம் இருக்கும்?"

"கனமே இல்ல. தகடு."

"இதுக்கா ஒருத்தரு செத்தாரு?"

அவர் தலைகுனிந்து நின்றார். அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டயரில் போய் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அழுத மாதிரியும் இல்லை. ஒருதரம் மட்டும், "மருந்துதான். வெறும் மருந்து வாசனைதான்" என்றாள். மொபெட்காரர் வந்து பஞ்சர் கேட்டு, இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் எழுந்தாள்.

"மாட்டுங்க."

"என்னா?"

"வண்டிய மாட்டுங்க. வலது பக்கத்தையும் கழட்டுங்க. நான் பக்கத்துல நிப்பேன், ஒவ்வொண்ணையும் காட்டிட்டு மாட்டணும்."

காட்டினார். பேரிங், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல், உள் நட்டு. சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே நட்டை முடுக்கி, துளி தளர்த்தி, ஆட்டம் பார்த்தார். புது வாஷரை வெளிச்சத்தில் தூக்கி, ஒன்றுதான் என்று காட்டினார். அவள் அதை வாங்கி நகத்தால் ஓரத்தைக் கீறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"காது மடிச்சாச்சா?"

"மடிச்சாச்சு."

"தள்ளுங்க, நான் பாக்கறேன்."

விபத்துக்குப் பிறகு வலது பக்கத்தை மாற்றிக் கட்டியவன் வேறு ஊர்க்காரன், ஒழுங்காகத்தான் கட்டியிருந்தான். அதையும் கழற்றிக் காட்டி மாட்டினார். கடைசி மூடியை அடித்தபோது தாவூது முதுகை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அந்தக் குரல் வரவில்லை. கோகிலவாணிதான் கேட்டாள்:

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப வண்டியில ஏறுங்க."

"எங்க?"

"எங்கூட்டுக்கு. நான் போய்ச் சொன்னா புருஷன் பேரக் காப்பாத்தப் பொய் சொல்றாம்பாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

கதவோரம் நின்ற ஷகிலா, "ஏங்க..." என்றாள். கிரீஸ் சட்டையோடு தாவூது ஜீப்பில் ஏறினார்.

*

மலையடிவாரம் தாண்டி ஏற்றம் தொடங்கியது. சக்கரத்தில் சத்தமே இல்லை. அதுவே தாவூதுக்குப் பயமாக இருந்தது. பதினோராவது வளைவில் அவள் வண்டியை ஓரங்கட்டிக் கைப்பிரேக்கை இழுத்தாள்.

"எறங்கிப் பாருங்க."

இறங்கினார். சிறுபாலத்தின் கைச்சுவரில் ஒரு மூலை உடைந்து, புதுசாகச் சிமெண்டு பூசியிருந்தது. கீழே காபிச் செடிகள். சக்கரம் உருண்ட வழி எது என்று தெரியாதபடி எல்லாம் மூடி வளர்ந்திருந்தது. காற்றில் சில்வர் ஓக் இலைகள் வெள்ளையாகப் புரண்டன.

"பாத்தாச்சா?"

"ஆச்சு."

"ஏறுங்க."

ஊருக்குள் நுழையும்போது மணி நாலரை இருக்கும். ஓட்டு வீடு. உள்ளே இருட்டில், சுவரில் சாய்ந்து செல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள். நஞ்சப்பனின் முகம் அப்படியே இருந்தது அவளுக்கு. தாவூது நிமிர்ந்து பார்க்கத் தயங்கினார்.

"யாரு?"

"கீழ பட்டறை வெச்சிருக்கற பாய் அத்த. அவரு வண்டி பாத்துக்கிட்டிருந்தவரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

தாவூது மண் தரையில் உட்கார்ந்து சொன்னார். "உங்க மவன் குடிக்கலம்மா. சக்கரத்துல நான் ஒரு தகட்ட போடாம வுட்டுட்டேன். அதனால கழண்டுது. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது."

செல்லம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டு முடித்ததும் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எம்மவன் குடிக்கலன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "தெரியாதவங்ககிட்ட சொல்லு, வா."

வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மெலிந்த கை, ஆனால் உடும்புப் பிடி. பண்டிகைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாசற்படி தாண்டினாள் என்பது தெருவில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

முதலில் கோயில் காரியம் பார்க்கும் பச்சியப்பன் வீடு. பானையைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான். சாமை உலர்த்திக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

"சொல்லு" என்றாள் செல்லம்மாள்.

தாவூது சொன்னார். பச்சியப்பன் கேட்டுவிட்டு, "ஏன் பாய், ஒன்றரை வருஷமா எங்க போயிருந்தீங்க?" என்றார்.

"இன்னிக்குத்தாங்க தெரிஞ்சுது. சந்தேகம் அன்னிக்கே இருந்துச்சு. கேக்கப் பயந்துட்டேன்."

"போலீஸுக்குப் போனா என்னா ஆவும் தெரியுமில்ல?"

"தெரியும்ங்க."

"ஏன்ம்மா செல்லம்மா, இப்ப நான் என்னா பண்ணணுங்கற? உள்ள வா, உக்காந்து பேசலாம்."

"உக்காந்தே இருந்துட்டேன் பச்சியப்பா. எனக்கு இன்னும் வூடுங்க கெடக்குது."

இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு பெண் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். தாவூது சொல்லி முடிப்பதற்குள் அவள், "ஐயோ, நானும் சொன்னேனே, நானும் சொன்னேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். செல்லம்மாள் அதைக் கேட்க நிற்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் ஒருவர் தாவூதின் சட்டையைப் பிடித்தார். கோகிலவாணி இடையில் புகுந்து கையை எடுத்துவிட்டாள். "அவரு இன்னும் பேசி முடிக்கலீங்க. பேசட்டும்." இன்னொரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். செல்லம்மாள் சாத்திய கதவுக்கு முன்னால் அவரை இன்னொரு முறை சொல்லவைத்தாள்.

ஏழெட்டு வீடு ஆயிற்று. சொல்லச் சொல்ல வார்த்தை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: "நஞ்சப்பன் குடிக்கல. தப்பு என்னுது."

தெருக்கோடியில் ஒரு வீடு தனியாக இருந்தது. கதவில் பெரிய பூட்டு, துருவேறியிருந்தது. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் புல். செல்லம்மாள் அங்கேயும் போய் நின்றாள்.

"அத்த, அவங்க பெங்களூருக்குப் பொழைக்கப் போயி எட்டு மாசம் ஆச்சு. யாருமே இல்ல இங்க" என்றாள் கோகிலவாணி.

"இந்த வூட்டுலயுந்தான பேசினாங்க? அந்தப் பேச்சு உள்ளயேதான கெடக்கும்?"

தாவூதின் மணிக்கட்டை அவள் விடவில்லை. புல்லை மிதித்துக்கொண்டு கதவருகில் இட்டுப்போனாள்.

"சத்தமாச் சொல்லு" என்றாள். "உள்ள கேக்கணும்."

தாவூது பூட்டைப் பார்த்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னார்.